பதின்மூன்று பெட்டை, இரண்டு முட்டை: நிபோங் திபாலில் ஒரு கொல்லைக் கோழிக் கூட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபாலிலிருந்து சுங்கை பக்காப் போகிற வழியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு கம்பத்து (கிராமத்து) வீடு. வீட்டுக்கார அக்காவுக்கு அறுபது நெருங்குகிறது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். பொங்கல் முடிந்த மறுவாரம் போன் பண்ணினார்.

"தம்பி, கொல்லையில பதினாலு நிக்குது. காலையில கூடையில பார்த்தா ரெண்டு. நானு கடையில முட்டை வாங்கித்தான் சம்பால் வைக்கிறேன். இத வெளிய சொன்னா சிரிப்பாங்க."

நான் கால்நடை மருத்துவன் இல்லை. முட்டைக்கோழிப் பண்ணையில் இருபத்திரண்டு வருடம் கொட்டகை மேற்பார்வை பார்த்தவன். பண்ணையில் பழகியவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பத்தாயிரம் கோழியையும் ஒரே கோழியாகப் பார்ப்பான். இன்றைக்கு எண்பத்தைந்து சதவீதம், நேற்று எண்பத்தாறு, அவ்வளவுதான். பதின்மூன்று பெட்டை இருக்கிற கொல்லையில் அந்தக் கணக்கு உதவாது. அங்கே சதவீதம் என்ற ஒன்றே கிடையாது. இந்தப் பெட்டை இடுகிறாள், அந்தப் பெட்டை இடவில்லை என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். இந்தப் பாடம் எனக்கே பிடிபட்டது இந்த வீட்டில்தான். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

கூட்டம்

மொத்தம் பதினான்கு. நான்கு கம்பத்துப் பெட்டை, ஒரு சேவல், ஒன்பது சிவப்புக் கோழி. கம்பத்துக் கோழிகள் பழசு. 2022 கடைசியில் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, நாமக்கல்லிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்ததே, அப்போது அக்கா ஒரு சேவலும் இரண்டு பெட்டையும் வாங்கி ஆரம்பித்த வம்சம் அது. சிவப்பு ஒன்பதும் புதுசு. தீபாவளி கழிந்து மூன்றாவது வாரம், ஒன்று 12 வெள்ளி (ரிங்கிட்) என்று லாரிக்காரர் ஒருவரிடம் வாங்கியது.

இங்கே இவற்றுக்குப் 'பென்சன் கோழி' என்றே பேர். மலாய்க்காரர்களும் ஆயாம் பென்சேன் என்றுதான் சொல்வார்கள். பண்ணையில் பதினெட்டு இருபது வாரத்தில் இட ஆரம்பிக்கிற கோழி எண்பது வாரத்தை ஒட்டி இளைக்கும். நாளுக்கு நூறு கோழிக்குத் தொண்ணூற்றைந்து முட்டை கிடைத்தது எழுபதுக்கு இறங்கும், ஓடும் மெலியும். பண்ணைக்கு அது கட்டுபடியாகாது, மொத்தமாக ஏற்றிவிடுவார்கள். கொல்லையில் வைத்துக்கொள்கிறவர்களுக்கு அது மோசமான கோழி இல்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை மறந்தால் வம்பு.

அக்காவுக்கு மூன்று சந்தேகம் இருந்தது. லாரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது ஒன்று. தோட்டத்து வாய்க்காலிலிருந்து ஏறி வரும் பியாவாக் உடும்பு முட்டையைத் தின்கிறது என்பது இரண்டாவது. மூன்றாவதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கூட்டு வாசலில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கியது.

முதலில் நோயைத் தள்ளிவைக்க வேண்டும். செத்தது ஏதும் உண்டா? இல்லை. தும்மல், கொர்கொர் சத்தம், கழுத்துத் திருகல், பச்சைக் கழிச்சல்? இல்லை. எல்லாம் தீனிக்கு ஓடி வந்தன. கூடையில் இருந்த இரண்டு முட்டையையும் தட்டில் உடைத்து ஊற்றினேன். வெள்ளைக்கரு தண்ணீராய் ஓடாமல் மஞ்சளைச் சுற்றி மேடாக நின்றது. மூச்சுக்குழல் நோய் வந்துபோன கூட்டமாக இருந்தால் வெள்ளைக்கரு தட்டு முழுக்கப் பரவும், ஓடும் சுருங்கிக் கோடு கோடாக இருக்கும். இங்கே ஓடு மெல்லிசு, அவ்வளவுதான். ஒரே வாரத்தில் முட்டை பாதியாக விழுந்து, கூடவே கோழியும் சுருண்டு உட்கார்ந்திருந்தால் நான் கையே வைத்திருக்க மாட்டேன், மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குப் போகச் சொல்லியிருப்பேன்.

காலண்டர்

சமையலறையில் நகைக்கடை காலண்டர். தினமும் எத்தனை முட்டை என்று அக்கா அந்தந்தத் தேதிக் கட்டத்தில் எழுதி வைத்திருந்தார். போன வருடக் காலண்டரையும் தூக்கிப் போடவில்லை, அரிசி டின்னுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தார். இந்த ஆய்வில் கிடைத்த நல்ல சாட்சி அதுதான்.

கோழி வந்த மறுநாளிலிருந்து: 7, 7, 6, 7, 6, 5, 6, 4, 4, 2, 1, 1, 0. அப்புறம் மூன்று வாரத்துக்குப் பூஜ்யமும் ஒன்றும். டிசம்பர் கடைசியில் இரண்டு எட்டிப் பார்க்கிறது. ஜனவரியில் 2, 3, 2, 2.

"பார்த்தியா தம்பி? மொத வாரம் மருந்து போட்டு இட வச்சிருக்கான். மருந்து தீர்ந்ததும் நின்னுபோச்சு."

மருந்தெல்லாம் இல்லை. ஒரு மஞ்சள் கரு வேகமாகப் பெருத்து முதிர எட்டுப் பத்து நாள் ஆகும். கோழியின் வயிற்றுக்குள் ஒரே நேரத்தில் பெரிசும் சிறிசுமாக ஐந்தாறு கரு வரிசையில் நிற்கும், திராட்சைக் குலை மாதிரி. லாரியில் ஏறும்போதே அந்த வரிசை தயாராக இருந்தது. முதல் வாரம் அக்கா பொறுக்கிய முட்டை பண்ணைத் தீனியில், பண்ணை விளக்கில் உருவானது. வரிசை தீர்ந்ததும் புதுசாக எதுவும் சேரவில்லை.

ஏன் சேரவில்லை? முதல் காரணம் வெளிச்சம். பண்ணையில் விளக்குப் போட்டு நாளுக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் கொடுப்போம். பினாங்கில் வருடம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணியை ஒட்டியே நிற்கும். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் முக்கால் மணி வித்தியாசம்கூட இல்லை. நமக்கு இங்கே பருவம் மாறுவது மழையில்தான் தெரியும். அந்தக் கோழிக்கோ லாரி ஏறிய அன்றைக்கே நாலு மணி நேரப் பகல் காணாமல் போய்விட்டது. குளிர் நாட்டுக் கோழி இலையுதிர் காலத்தில் அனுபவிப்பதை இது நிபோங் திபாலில் ஒரே ராத்திரியில் அனுபவித்தது. கூடவே பயணம், பட்டினி, தீனி மாற்றம், புதுக் கூட்டத்தில் கம்பத்துப் பெட்டைகளின் கொத்து. கோழியின் உடம்பு இதற்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்லும்: முட்டையை நிறுத்து, இறகை உதிர்.

"டிசம்பர்ல இறகு கொட்டிச்சா அக்கா?"

"கொட்டிச்சாவா? தலகாணி தைக்கலாம். நாந்தான் எலி இழுத்துப் போடுதுன்னு நெனச்சேன்."

இறகு உதிர்ந்து முளைக்க எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். நான் போனபோது ஒன்பதாவது பத்தாவது வாரம். அப்படியென்றால் கூட்டம் தானாகவே திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். திரும்பவில்லை. அதனால் வெளிச்சத்தோடு கதை முடியவில்லை என்று தெரிந்தது.

கையில் எடுத்துப் பார்த்தது

மறுநாள் விடியுமுன் போனேன். இருட்டோடு இருட்டாகக் கோழி பரணில் (ராத்திரி ஏறித் தூங்கும் கட்டையில்) இருக்கும்போதே பிடித்தால்தான் துரத்தல், படபடப்பு இல்லாமல் பார்க்க முடியும். அக்கா டார்ச் பிடித்தார். நான் ஒவ்வொன்றாகக் கக்கத்தில் இடுக்கி, தலை பின்பக்கம் போகும்படி திருப்பிக்கொண்டேன்.

எச்சத் துவாரத்தின் இரு பக்கமும் தோலுக்கடியில் இரண்டு எலும்பு முனை தட்டுப்படும். இடுகிற கோழிக்கு அந்த இடைவெளியில் இரண்டு விரல், நல்ல பெட்டைக்கு மூன்று விரல் புகும். இடாததுக்கு ஒரு விரலே இறுக்கம். துவாரமும் சொல்லும். இடுகிறதுக்கு அது பெரிசாக, ஈரமாக, வெளுத்து இருக்கும். நிறுத்தியதுக்குச் சுருங்கி, வறண்டு, ஓரத்தில் மஞ்சள் ஏறியிருக்கும். கொண்டையை விரலால் தடவினால் இடுகிறவளுடையது சூடாக, மெழுகு மாதிரி வழுவழுவென்று இருக்கும். மற்றதுடையது சுருங்கிச் சொரசொரக்கும். இதற்குக் கருவி வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். பத்துக் கோழியைத் தொட்டால் பதினோராவது கோழி தானே பேசும்.

இடுவதற்குச் சிவப்பு ரப்பர் வளையம், இடாததுக்கு நீலம் என்று காலில் மாட்டிக்கொண்டே போனோம். ஒன்பது சிவப்புக் கோழியில் நான்கு இடுகின்றன. நான்கு இன்னும் இறகு முளைக்கும் வேலையிலேயே இருக்கின்றன. இறக்கையை விரித்தால் பேனா மாதிரி உறையோடு புது இறகு நிற்கிறது. ஒன்பதாவது கோழியைத் தூக்கியதும் கனம் வேறாகத் தெரிந்தது. வயிறு தண்ணீர்ப் பை. கீழே விட்டால் பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. கரு குழாயில் விழாமல் வயிற்றுக்குள் விழுந்து கெட்டுப்போகிற கோளாறு, வயதான பண்ணைக் கோழிக்குச் சாதாரணம். இது இனி இடாது. அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கம்பத்துப் பெட்டை நான்கில் ஒன்று ஐந்து வாரக் குஞ்சுகளோடு திரிகிறது. ஒன்று உடைந்த பிளாஸ்டிக் பேசினில் வெறும் வைக்கோல் மேல் அடை கிடக்கிறது. கை கொண்டுபோனால் உடம்பை உப்பிக்கொண்டு கொக்கரிக்கிறது. மற்ற இரண்டும் இடுகின்றன, மூன்று விரல் தாராளமாகப் புகுகிறது.

இங்கே ஒரு கணக்கு. கேள்வி பதின்மூன்று பெட்டை ஏன் இரண்டு முட்டை இடுகின்றன என்பதே இல்லை. இடும் நிலையில் இருப்பது ஆறு. நான்கு சிவப்பிலிருந்து நாளுக்கு மூன்றை ஒட்டி, இரண்டு கம்பத்துப் பெட்டையிலிருந்து ஒன்று, ஆகமொத்தம் நான்கு கிடைக்க வேண்டும். கூடைக்கு இரண்டுதான் வருகிறது. மிச்சம் இரண்டு எங்கே?

காணாமல் போன முட்டை

கூடையில் இருந்த இரண்டுமே பழுப்பு. கம்பத்துக் கோழி இடுவது சின்னதாக, வெளிர் நிறத்தில் இருக்கும். எப்போதிலிருந்து வெள்ளை முட்டை வரவில்லை என்று கேட்டேன். அக்கா யோசித்தார். எண்ணிக்கையைத்தான் எழுதினாரே தவிர நிறத்தை எழுதவில்லை.

எல்லாவற்றையும் கூட்டிலேயே அடைத்து வைத்துவிட்டு, இடுகிற அந்த இரண்டு கம்பத்துப் பெட்டையை மட்டும் ஒன்பது மணிக்குத் திறந்துவிட்டோம். இட வேண்டிய பெட்டை நேரமானால் நிலைகொள்ளாது. ஒன்று கிணற்றடியைச் சுற்றிப் போக்குக் காட்டியது. நாங்கள் வராந்தாவில் காப்பி குடிப்பதுபோல் உட்கார்ந்துகொண்டோம். பத்தே காலுக்கு அது பழைய வாஷிங் மெஷினுக்குப் பின்னால், செரைப் (எலுமிச்சைப்புல்) புதருக்குள் நுழைந்தது. அரைமணி கழித்துக் கெக்கெக்கே என்று ஊரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. புதரை விலக்கினால் குழிவாக ஒரு கூடு, அதில் ஒன்பது முட்டை. ஒன்று இன்னும் சூடாக இருந்தது.

தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். ஐந்து அடியில் படுத்தது. மூன்று நிமிர்ந்து நின்றது, பழசு, உடனே வேகவைத்தால் சரி. ஒன்று மிதந்தது. அக்கா அதைத் தோட்டத்துப் பக்கம் வீசியபோது பியாவாக்குக்கு ஒரு திட்டும் சேர்த்து வீசினார்.

பியாவாக்கைப் பற்றி நான் வக்காலத்து வாங்க வேண்டியிருந்தது. சிவப்புக் கோழி இடும் பெட்டியில் வைக்கோலைக் கிளறினேன். மஞ்சள் கரு காய்ந்து ஒட்டிய பிசுபிசுப்பு, பொடிப்பொடியாக ஓட்டுத்துண்டு. உடும்பும் பாம்பும் முட்டையை முழுசாக விழுங்கிவிடும், ஓட்டுத்தூள் மிச்சம் வைக்காது. பரணுக்குக் கீழே எச்சத்தோடு எச்சமாக ஓடே இல்லாத ஒரு முட்டைத் தோல் சப்பிக் கிடந்தது. சிவப்பு வளையக் கோழி ஒன்றின் அலகோரத்தில் மஞ்சள் கோடு. ஓடு மெல்லிசானதால் உட்காரும்போதே உடைகிறது. உடைந்ததைக் கோழி ருசி பார்க்கிறது. ருசி கண்டபின் உடையாததையும் உடைக்கிறது. திருடன் வீட்டுக்குள்ளேயேதான். உடும்பு எப்போதாவது வந்திருக்கலாம். ஆனால் அது உரிமமில்லாமல் கொல்லக் கூடாத பிராணி, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அக்காவின் மருமகன் வாடகைக்குத் துப்பாக்கிக்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தச் சொன்னேன்.

தீனி

ஓடு ஏன் மெலிந்தது? சமையலறைத் தராசைக் கொல்லைக்குக் கொண்டுவரச் சொன்னேன். காலையில் ஒரு மைலோ டின் நிறையக் குச்சித் தீனி, நிறுத்தால் 650 கிராம். சாயங்காலம் மீந்த சோறு, தேங்காய்ச் சக்கை, தவிடு கலந்து ஒரு சட்டி. சாக்கைப் புரட்டிப் பார்த்தால் அது கறிக்கோழித் தீனி. "இதுல புரோட்டீன் கூட இருக்குன்னு கடையில சொன்னாங்க" என்றார். பொய்யில்லை. கறிக்கோழிக்குச் சதை போட வேண்டும், ஓடு போட வேண்டியதில்லை.

ஒரு முட்டை ஓட்டில் இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கும். தின்பதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும் என்பதால், இடும் கோழி நாளுக்கு நாலு கிராம் தின்றாக வேண்டும். முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்பு 3.5 முதல் 4 சதவீதம்; 110 கிராம் தின்றால் சரியாக அந்த நாலு கிராம் வந்துவிடும். கறிக்கோழித் தீனியில் ஒரு சதவீதமும் தேறாது. 650 கிராமைப் பதினான்கால் வகுத்தால் தலைக்கு 46 கிராம், அதில் சுண்ணாம்பு அரைக் கிராமுக்கும் கீழே. சோற்றிலும் தேங்காய்ச் சக்கையிலும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நாலு வேண்டிய இடத்தில் அரை. மிச்சத்தைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும், அதுவும் எத்தனை நாளைக்கு?

இறகு முளைக்காமல் நின்றதற்கும் இதே சட்டிதான் காரணம். இறகு என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம். சோறு வயிற்றை நிரப்பும், இறகு கட்டாது. நம் வீடுகளில் மீந்ததைக் கோழிக்குப் போடுவது பாவமில்லை, நானும் போடுகிறேன். ஆனால் அது பலகாரம், சாப்பாடு இல்லை.

மத்தியானம் இரண்டரை மணிக்குத் துத்தநாகக் கூரைக்குக் கீழே வெப்பமானியைத் தொங்கவிட்டேன். 37 காட்டியது. ஜனவரி, பிப்ரவரி இந்தப் பக்கம் மழையில்லாத வெயில். கோழிகள் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தன. கோழிக்கு வியர்வை கிடையாது, இளைத்துத்தான் சூட்டைத் தள்ளும். அப்படி இளைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். ஓடு கட்டச் சுண்ணாம்போடு சேர வேண்டிய கார்பனேட் அந்த வாயுவிலிருந்துதான் வருகிறது. நல்ல தீனி போட்டாலும் வெயிலில் ஓடு மெலிவதன் சூட்சுமம் இது. தண்ணீர்ப் பேசின் வெயிலிலேயே இருந்தது. கையை விட்டால் குளிக்கிற சூடு. மூன்று லிட்டர் பிடிக்கும் பேசினில் பாதிகூட இல்லை. இந்த வெயிலில் ஒரு கோழிக்கு நாளுக்கு 300, 400 மில்லி வேண்டும்.

ராத்திரி ஒன்பது மணி

இதை விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருப்பேன். மோட்டோவில் ஏறும்போது அக்கா கையைச் சொறிந்துகொண்டே கேட் சாத்தினார். முட்டை எடுக்கப் போனாலே அரிக்கும் என்றார், கொசு என்று நினைத்தாராம்.

ராத்திரி மறுபடி போனேன். வெள்ளைத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பரண் கட்டையின் அடிப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தேன். துணியில் நாலு சிவப்புக் கோடு. ரத்தம் குடித்த செவ்வுண்ணி நசுங்கிய கோடு. அது பகலில் கட்டை வெடிப்பில், ஆணி ஓட்டையில் ஒளிந்திருக்கும். இருட்டினதும் ஏறிக் கோழியைக் குடித்துவிட்டு விடியுமுன் இறங்கிவிடும். அதனால்தான் விடியற்காலையில் கோழியைக் கையில் எடுத்தபோது எனக்குத் தென்படவில்லை. சில கோழிகளின் கொண்டை வெளுத்திருந்ததற்கு இறகு உதிர்வுதான் காரணம் என்று நினைத்திருந்தேன், அதில் பாதி தப்பு. பண்ணையிலேயே அலகு நுனி வெட்டப்பட்ட கோழி வேறு, கோதிக்கொள்ளவும் சரியாக முடியாது.

அக்காவுக்குத் தெரிந்த ஒருவர் நாய்க்கு உண்ணி போக விடும் சொட்டு மருந்தைக் கோழியின் முதுகிலும் விடலாம் என்று சொல்லியிருக்கிறார். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்தச் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஃபிப்ரோனில் இருக்கிறது. 2017இல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் செவ்வுண்ணிக்கு அதை அடித்து, மருந்து முட்டையில் ஏறி, லட்சக்கணக்கான முட்டையைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிற முட்டை இது.

செய்ததும் நடந்ததும்

மறுநாள் பரண் கட்டைகளைக் கழற்றி வெயிலில் போட்டு, வெடிப்பு வெடிப்பாகக் கொதிநீர் ஊற்றினோம். பழைய வைக்கோலை எரித்தோம். அக்காவின் வீட்டுக்காரர் கட்டைகளைத் திரும்ப மாட்டாமல் ஒரே ஒரு வழுவழுப்பான கம்பை இரண்டு கொக்கியில் தொங்கவிட்டார், ஒளிய இடமில்லாதபடி. அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு தொட்டி, கோழி புரள. இந்த வெயிலில் உண்ணி முட்டை ஒரு வாரத்தில் வளர்ந்து திரும்பிவிடும் என்பதால் ஏழாம் நாளும் பதினாலாம் நாளும் மறுபடி கொதிநீர். மூன்றாம் தடவை துணியில் கோடு விழவில்லை.

தீனியை முட்டைக்கோழிக் குச்சிக்கு மாற்றினோம், தலைக்கு 110 கிராம். குஞ்சோடு இருந்தவளைத் தனியாக அடைத்தோம். அத்தனை சுண்ணாம்பு குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது. சாயங்காலம் தனிக் கிண்ணத்தில் கேராங் சிப்பி. அக்காவின் தம்பி மகன் மீன் கடைக்காரரிடமிருந்து ஒரு பை நிறைய ஓடு கொண்டுவந்தான். கழுவி, அடுப்பில் சுட்டு, உரலில் இடித்தார்கள். மாவாக இடிக்கக் கூடாது, பொரிகடலைப் பருமன் இருக்க வேண்டும். ஓடு கட்டுகிற வேலை பெரும்பாலும் ராத்திரியில் நடக்கும். பெரிய துண்டு இரைப்பையில் தங்கி விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வேண்டியவள் தின்பாள், வேண்டாதவள் விட்டுவிடுவாள். இதில் கோழி நம்மைவிடக் கெட்டி.

கூரை மேல் தென்னங்கீற்றுப் பரப்பினார்கள். தண்ணீர் மாமர நிழலுக்குப் போனது. இடும் பெட்டிக்குச் சாக்குத் திரை போட்டு இருட்டாக்கி, உள்ளே ஆளுக்கொரு கோல்ஃப் பந்து வைத்தோம். அலகால் கொத்திப் பார்த்து வலித்தால் ஆசை விடும். அடைக்கோழியை அடி கம்பிவலையான கூடையில் நாலு நாள் தூக்கித் தொங்கவிட்டோம், தீனியும் தண்ணீரும் வைத்து. வயிற்றுக்கடியில் காற்றுப் பட்டால் அடைக்காய்ச்சல் இறங்கும். எங்கள் பாட்டி தோட்டத்து லயத்தில் அடைக்கோழியின் மூக்கில் இறகைச் செருகிவிடுவார். அது கொடுமை, வேலையும் செய்யாது.

விளக்கு விஷயத்தில் நான் சறுக்கினேன். இறகு முளைத்து முடியட்டும் என்று பத்து நாள் காத்திருந்து, 5 வாட் எல்இடி ஒன்றைக் காலை நாலரைக்கு எரியும்படி டைமரில் போட்டேன். சேவல் நாலு முப்பத்தொன்றுக்குக் கூவியது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வேலிக்கு வந்துவிட்டார். அதனால் வெளிச்சத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம், ஏழிலிருந்து பத்து மணி வரை. அதில் ஒரு எச்சரிக்கை: விளக்கு பட்டென்று அணைந்தால் கீழே நிற்கிற கோழி பரணுக்கு வழி தெரியாமல் தவிக்கும். சின்னத் திருவிழா விளக்கு ஒன்று மேலும் கால்மணி நேரம் எரியும்படி வைத்தோம். மின்சாரம் மாதத்துக்கு அரை யூனிட்கூட ஆகவில்லை.

முதலில் திரும்பியது ஓடு. எட்டாம் நாள் முட்டையைச் சட்டி விளிம்பில் தட்டியபோது 'டக்' என்று கேட்டதாக அக்கா போனில் சொன்னார், அதற்கு முன் 'பச்' என்றுதான் இருக்குமாம். எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறியது: இரண்டாம் வாரம் 4, நாலாம் வாரம் 5. ஐந்தாம் வாரம் திடீரென்று மூன்று நாள் 2, 3, 3. அக்கா பதறிவிட்டார். தேதியைப் பார்த்தேன். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஒன்பதாம் நாள் பிறக்கும்போது சீனர்கள் தீக் கோங் என்ற வானுலக அரசரைக் கும்பிடுகிற நேரம். கம்பம் முழுக்க நள்ளிரவில் பட்டாசு. அந்த வாரம் ஓட்டில் சுருக்கம் விழுந்த முட்டை ஒன்றும் வந்தது. எதையும் மாற்றாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். நாலாம் நாள் பழையபடி ஆயிற்று.

தண்ணீர் வயிற்றுக் கோழி பிப்ரவரியிலேயே செத்தது. வாழைக்கடியில் புதைத்தார்கள். சிவப்புக் கோழி எட்டு மிச்சம். நீல வளையம் மாட்டிய நான்கில் மூன்றுக்குச் சிவப்பு மாற்றினோம். ஒன்று இன்றுவரை இடவில்லை. தின்கிறது, மினுமினுவென்று இருக்கிறது, பரணில் நடு இடம் அவளுக்குத்தான்.

மார்ச் நடுவில் நாளுக்கு ஆறு, சில நாள் ஏழு. இதற்கு மேல் போகாது என்று சொல்லிவிட்டேன். எண்பது வாரம் தாண்டிய கோழி, கூடவே கம்பத்துப் பெட்டை. அது பத்துப் பதினைந்து இட்டுவிட்டு மறுபடி அடைக்குப் போகும், அது அதன் சுபாவம். அடுத்த வருடம் சிவப்பும் இன்னொரு தடவை இறகு உதிர்க்கும், அதற்கப்புறம் இன்னும் குறையும். காசுக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். 2025 ஆகஸ்டில் முட்டை மானியம் முழுசாக எடுபட்ட பிறகு கடை முட்டை விலையை வைத்துப் பார்த்தாலும், தீனிச் செலவுக்கும் முட்டைக்கும் சரியாகப் போனால் பெரிது. இடாதவளை அறுத்தால் கணக்குக் கொஞ்சம் நேராகும்.

"வளர்த்தத அறுக்கச் சொல்றியா? நீ கணக்கோட போ தம்பி."

அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

நான் அக்காவிடம் கட்டாயமாகக் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: காலண்டரில் பழுப்பையும் வெள்ளையையும் தனித்தனியாக எழுதுங்கள். கடைசியாகப் போனபோது பார்த்தேன். பழுப்புக்குச் சிவப்புப் பேனா, வெள்ளைக்கு நீலம். சிவப்பில் 5, 5, 4, 5, 5, 4. நீலத்தில் 1, 1, 0, 0, 0, 0. நான் கட்டத்தில் விரல் வைக்குமுன் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"பார்த்துட்டேன் தம்பி. செரைப் புதர்ல இல்ல, எடத்த மாத்திட்டா. வாழைக்குப் பின்னால சாக்குக்கடியில. நாலு இருந்துச்சு."